வேண்டாம்னு ஒரு பட்டன்

— மேல வைக்க வேண்டாம் தம்பி, என் மடியிலேயே இருக்கட்டும். உச்சிகோ ஸ்டேஷன் தாண்டினா இந்த ரயில் வளைவுக்கு வளைவு தூக்கிப் போடும்.

— ரொம்பக் கனமா இருக்கே அம்மா. உவாஜிமா வரைக்கும் மடியிலயே வச்சுக்கிட்டா கால் மரத்துப் போகுமே. உள்ள என்ன, பாத்திரமா?

— கம்ப்யூட்டர். எட்டு வருஷத்துப் பழசு. மாத்சுயாமாவுல நாலு கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வர்றேன். கடைக்காரன் புதுசு புதுசா எடுத்துக் காட்டறான். பழசுதான் வேணும்னு நான் ஒத்தக் கால்ல நிக்கிறேன். பாவம், எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருப்பான்.

— எனக்கும் புரியலை. யாராவது தேடிப் போய்ப் பழசு வாங்குவாங்களா?

— வீட்டுல இதே மாதிரி ஒண்ணு ஓடிட்டிருக்கு. அது கண்ணை மூடிட்டா மாத்து வேணுமில்ல? என் பேரு சுமியே. பள்ளிக்கூடப் பிள்ளைங்க விளையாட்டுச் சட்டையில பேர் தைச்சுக் குடுக்கறேன். கம்ப்யூட்டர்ல பேரை அடிச்சா பக்கத்துல இருக்கிற எம்பிராய்டரி மிஷின் தைச்சுடும். அந்தத் தையல் புரோகிராம் இந்தப் பழசுலதான் ஓடும்.

— நான் ஒகிமுரா. யவதஹமாவுல இறங்கணும். அம்மா அங்க தனியா இருக்காங்க, நான் தோக்கியோவுல. சரி, வீட்டுல இருக்கிறது நல்லாத்தானே ஓடுது?

— இப்ப ஓடுது. மார்ச்சுல என்ன பாடு படுத்திச்சுன்னு கேளுங்க. முதல்ல இந்த ஜாகோதெனை எடுத்துக்குங்க, மீனை அரைச்சு காலையில பொரிச்சது. பள்ளிக்கூடம் ஏப்ரல் எட்டாம் தேதி திறக்குது. மூணு பள்ளிக்கூடம், இருநூத்திப் பதினாலு சட்டை. ரெண்டாம் தேதிக்குள்ள குடுத்தாகணும். அந்த நேரம் பார்த்துத் திரை மூலையில ஒரு பெட்டி முளைச்சுது. புதுப் பதிப்பு வந்திருக்கு, இலவசம், மாத்திக்குங்கன்னு.

— என்ன வார்த்தையில எழுதியிருந்தது, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? ‘தங்களுக்கான புதிய பதிப்பு ஆயத்தமாக உள்ளது.’ கீழே ரெண்டு பட்டன். ஒண்ணு ‘இப்போதே மாற்றுக.’ இன்னொண்ணு ‘இன்றிரவு மாற்றுக.’ அவ்வளவுதான். பொண்ணு பார்க்க வந்துட்டு, கல்யாணம் இன்னிக்கா நாளைக்கான்னு மட்டும் கேட்ட மாதிரி.

— …அப்புறம்?

— முதல் நாள் சிரிச்சோம். அப்புறம் மணிக்கு ஒரு தடவை வர ஆரம்பிச்சுது. ஒரு பேர் தைச்சு முடியறதுக்குள்ள வந்து நிக்கும். திரையில அந்த இடத்துல ஒட்டுத்தாள் ஒட்டினேன். அது ஒட்டுத்தாளை விட்டு நகர்ந்து நடுத்திரைக்கு வந்து உக்காந்துடுச்சு. என் வீட்டுக்காரர் கென்ஸோ, தபால் ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். வேண்டாத கடுதாசின்னா மேல ‘வேண்டாம்’னு எழுதித் திருப்பி அனுப்பலாமே, இது என்ன திருப்பவே முடியாத கடுதாசின்னு அவருக்கு ஒரே கோபம். மூலையில சின்னதா பெருக்கல் குறி இருந்தது. அதை அமுக்கினார். பெட்டி போயிடுச்சு. ஜெயிச்சுட்டோம்னு ரெண்டு பேரும் டீ போட்டுக் குடிச்சோம்.

— பெருக்கல் குறியை அமுக்கினா மூடிடும்னுதான் நினைச்சீங்க.

— வேற என்ன நினைப்பாங்க? கதவைச் சாத்தினா போன்னு அர்த்தமா, உள்ள வான்னு அர்த்தமா? அது வான்னு எடுத்துக்கிச்சு. மறுநாள் மத்தியானம் மிஷின் பாதிப் பேர்ல நின்னு போச்சு. திரை பூரா நீலம், நடுவுல புள்ளிங்க வட்டமா சுத்துது. அணைக்காதீங்கன்னு ஒரு வரி. ரெண்டரை மணி நேரம் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தோம். திறந்தா எல்லாம் பளபளன்னு இருக்கு, என் புரோகிராம் மட்டும் வாயைத் திறக்கலை. மிஷினை யாருன்னே அதுக்குத் தெரியலை.

— வேற புரோகிராம் ஏத்தியிருக்கலாமோ?

— நீங்களே சொல்லுங்க, சைதோன்னு ஒரு பேர் இருக்கு. கேக்க ஒண்ணு, எழுதறது எத்தனை விதம். ஒரு கோடு குறைஞ்சா அது வேற குடும்பம். அந்த மாதிரி எழுத்தெல்லாம் நானே ஒவ்வொண்ணா வரைஞ்சு பதினேழு வருஷமா சேர்த்து வச்சிருந்தேன். அத்தனையும் அதுக்குள்ள. பதினேழு வருஷத்துல ஒரு தேதி தவறினதில்லை தம்பி. அன்னிக்குச் சமையல்கட்டுல போய் அழுதேன், சொல்ல என்ன வெக்கம்.

— மன்னிச்சுக்குங்க.

— நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க? சாப்பிடுங்க, கையிலயே வச்சிருக்கீங்க. அதுக்கப்புறம்தான் வேடிக்கை. கென்ஸோ நேரா அலமாரிக்குப் போனார். ஊசிப் பெட்டியை எடுத்து என் முன்னாடி வச்சார். நூல் கோத்துக் குடு, நானும் தைக்கறேன்னார். பொத்தான் தைக்கக்கூடத் தெரியாத மனுஷன். கண்ணாடி மேல கண்ணாடி போட்டுக்கிட்டு, ரெண்டு நாள்ல முப்பத்தோரு பேர். எறும்பு மையில இறங்கிட்டு நடந்த மாதிரி ஒவ்வொண்ணும். விரல் பத்துலயும் குத்து.

— மீதி நூத்தி எண்பது சொச்சம்?

— அதுல பாதி முன்னாடியே மிஷின்ல முடிஞ்சிருந்தது. மீதிக்கு வழி பண்ண, கம்ப்யூட்டரைப் பார்க்க எங்க ஊர்ப் பொண்ணு நிஷிகாகி வந்தா. மீனவர் கூட்டுறவு ஆபீஸ்ல வேலை. அங்கேயும் இதே பெட்டி வந்து மீன் ஏலமே நின்னு போச்சாம், தானே முட்டி மோதிக் கத்துக்கிட்டிருக்கா. ஏலம் முடிஞ்சதும் ரப்பர் பூட்ஸோட வந்து உக்காந்தா. மாத்தி ஒரு மாசத்துக்குள்ள பழசுக்கே திரும்பிப் போக உள்ள ஒரு வழி வச்சிருக்காங்களாம். யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரத்துல என் புரோகிராம் எழுந்து வந்துடுச்சு, எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. சட்டையை மடியில போட்டுக்கிட்டு நானும் அவளும் சிரிச்சோம் பாருங்க.

— ஆனா பெட்டி திரும்பவும் வருமே.

— வரும், தெரிஞ்சுதான் அவ விடலை. அந்தப் பெட்டியைக் கொண்டு வர்றதுக்குன்னே ஒரு துண்டு புரோகிராம் உள்ள வந்து உக்காந்திருக்காம். அதுக்கு ஏழு இலக்கத்துல ஒரு எண். பட்டியல்ல தேடிப் பிடிச்சு நீக்கினா. நீக்கினா மட்டும் போதாது, மறுபடி வந்துடும்னு, அது பேர் மேலயே அமுக்கி ‘மறைச்சு வை’ன்னு குறிச்சா. கடைசியா, என்னைக் கேக்காம எதையும் ஏத்தாதேன்னு ஒரு இடத்துல மாத்தி வச்சா. இதோ ஜூன் ஆச்சு, வரலை.

— சட்டை?

— ரெண்டாம் தேதி சாயங்காலம் கடைசிப் பள்ளிக்கூடத்துல குடுத்தோம். அந்த முப்பத்தோரு வீட்டுக்கும் கென்ஸோவே சைக்கிள்ல போய், கோணலா இருக்கு, பிறகு பிரிச்சு மிஷின்ல தைச்சுத் தர்றேன்னு தலை குனிஞ்சு சொல்லிட்டு வந்தார். போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணினாங்க. திட்டப் போறாங்கன்னு பயந்துட்டுதான் எடுத்தேன். மைதானத்துல அவங்க பையன் சட்டை மட்டும் தூரத்துலயே தெரியுதாம். தங்கச்சிக்கும் தாத்தா கையாலதான் வேணும்கிறானாம். மனுஷனுக்கு அன்னியிலிருந்து தரையில கால் பாவலை.

— அந்த ஏழு இலக்க எண் உங்ககிட்ட இருக்கா அம்மா?

— இருக்கு, பையிலயே எழுதி வச்சிருக்கேன். உங்களுக்கும் வருதா?

— எனக்கில்லை. எங்க அம்மாவுக்கு. அப்பா எடுத்த படங்களையெல்லாம் ஒரு பழைய புரோகிராம்ல வச்சிருக்காங்க. ஒரு வாரமா அந்தப் பெட்டி. பயந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறக்கறதே இல்லையாம். அதை நிறுத்தத்தான் ஊருக்குப் போறேன். உங்ககிட்ட கேக்கற வரைக்கும் எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது.

— எழுதிக்குங்க. மூணும் அஞ்சும் குழம்பும், பார்த்து எழுதுங்க. லீவு போட்டுட்டு இவ்வளவு தூரம் வர்றீங்களே, அந்த அம்மா குடுத்து வச்சவங்க. எனக்கு ஒண்ணுதான் புரியலை. ‘தங்களுக்கான’, ‘ஆயத்தமாக’ன்னு அவ்வளவு மரியாதையா எழுதத் தெரிஞ்சவனுக்கு, வேண்டாம்னு ஒரு பட்டன் வைக்கத் தெரியாதா?

— எழுதிட்டேன். ரொம்ப நன்றி. யவதஹமா வந்துடுச்சு, நான் எழுந்துக்கறேன்.

— அதுக்கென்ன. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க. ஏன் தம்பி, கதவு திறந்தாச்சு, நின்னுட்டே இருக்கீங்க?

— வச்சேன் அம்மா. அந்தப் பெட்டிக்கு ஜப்பானிய வாசகம் எழுதினது நான்தான், அப்போ மூணாவதா ‘வேண்டாம்’னு ஒரு பட்டனும் எழுதிக் குடுத்தேன், எடுத்துடுன்னு மேலிடத்துல ஒரே வரியில சொன்னாங்க, ஏன்னு கேக்காம நானே எடுத்துட்டேன்.