ரோசியின் தவக்காலம்

பட்டாபிராமில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்: “இந்த வருஷம் தவக்காலத்துப் புண்ணியம் எங்களுக்கு இல்லக்கா, எங்க ஊட்டுப் பூனைக்குத்தான்.”

“இன்னாடி சொல்ற?”

“தெருவுல ஒரு கடுவன் பூனை சுத்துதுல்ல? தினம் பின்பக்கமா வந்து எங்க ரோசியப் போட்டு அடிக்கும். காதையே கிழிச்சிடுச்சுக்கா. அவ பயந்துகினு பீரோ அடியிலயே கெடந்தா, சோறுகூட துன்னல.”

“தண்ணி ஊத்தித் தொரத்துறதுதான?”

“ஊத்தாத தண்ணியா? நோன்பு ஆரம்பிச்சதுலேந்து ஊட்ல மீன் வாங்கல. கொல்லக் கொழாயாண்ட மீன் கழுவுற வாசனை இல்ல, அந்தக் கடுவனும் வரல. அது ரோசிக்காகவா வந்துச்சு? மீன் தலைக்கு வந்துச்சுக்கா. நேத்து ரோசி வாசப்படியில காலை நீட்டிப் படுத்துகினு தூங்குறா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

“சரி, ஈஸ்டர் வந்தா இன்னா பண்ணுவ?”

அம்பத்தூர் வந்துவிட்டது. அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. இனிமே மீன் வேணும்னா உங்கம்மா ஊட்ல துன்னுட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிகினு உள்ள வான்னு.”