இளைப்புக்கு ஒரு வேர்

அந்த நாற்காலி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன். இல்லாவிட்டால் பொடி பறந்து உங்கள் சட்டையெல்லாம் ஆகிவிடும்.

தையல்கார அம்மா இறந்துபோன விஷயத்தில் யார்மீதும் தப்பில்லை, வெறும் வார்த்தைக் குழப்பம் என்று எழுதி முடிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அவருடைய அக்காவும் அப்படித்தான் சொன்னாராம். நல்ல மனுஷி. ஆனால் நடந்தது அது இல்லை. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உடம்பு இளைக்கும் என்று சொல்லி நான் பொடித்து விற்கும் இந்த வேர் எடையைக் குறைக்காது. நானே ஒரு வருஷம் விழுங்கிப் பார்த்தேன். என் தொப்பை இதோ, உங்கள் முன்னால்தான் இருக்கிறது. பசியும் மட்டுப்படவில்லை, கொழுப்பும் கரையவில்லை. ரத்த அழுத்தத்தை மட்டும் இறக்கிவிடும். வேர் கொண்டுவந்து போடும் மொத்த வியாபாரி முதல் நாளே எச்சரித்தார்: “பிரஷர் மாத்திரை போடுறவங்களுக்கு மட்டும் குடுத்துடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா ஆளையே கீழ தள்ளிடும்.” நான் டப்பாவில் ‘முழுக்க மூலிகை, பக்கவிளைவு கிடையாது’ என்று அச்சடித்தேன். மூலிகை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த அம்மா முதன்முதலாக வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். “ஊர்ல இருக்கிற இடுப்பையெல்லாம் அளக்குறேன் அண்ணா. என் இடுப்பை அளக்கத்தான் டேப்பு பத்தல,” என்றார். நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே யாரோ சிரித்தது மாதிரிக் கேட்டது. என் மனைவி போன பிறகு இந்தக் கடையில் ‘என்ன வேணும்’, ‘அவ்வளவுதானா’ தவிர வேறு பேச்சு கிடையாது. மாடியில் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. கடை இல்லாத நாளில் வாயே திறக்காமல் இருந்து, மறுநாள் காலையில் குரல் கட்டிப்போயிருக்கும். தனியாக இருப்பது கஷ்டம் சார். அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று வழக்கம்போல் கேட்டேன். “பிரஷருக்கு மட்டும் ஒரு மாத்திரை,” என்றார். இது உங்களுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். வாராவாரம் இங்கே வந்து எடை பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

தவறாமல் வந்தார். எடை மெஷினுக்கு அடியில் முள்ளைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகு உண்டு. அவர் வருவதற்கு முன்னால் அதை ஒரு இழை பின்னுக்குத் தள்ளி வைப்பேன். முள் இறங்கியிருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோகும். அந்த உற்சாகத்தில் உட்கார்ந்து பேசுவார். காலர் சரியில்லை என்று மூன்று தடவை பிரிக்கச் சொன்ன மாப்பிள்ளை, ஒரு துணியில் இரண்டு சட்டை கேட்கும் மாமியார், எல்லோரையும் இந்தக் கடைக்குள் கூட்டிவந்துவிடுவார்.

தையல் தெரிந்தவரை ஏமாற்றுவது லேசில்லை. ஒருநாள் கழுத்தில் தொங்கிய டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, “எடை இறங்குது, சுத்தளவு அப்படியே இருக்கே அண்ணா. என் டேப்பு பொய் சொல்லாதே,” என்றார். எலும்புக்குள் இருக்கும் நீர்தான் முதலில் வடியும், சதை கடைசியில்தான் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். தன் டேப்பை விட்டுவிட்டு என்னை நம்பினார். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்குப் புரியாது.

பிறகு தலை சுற்றுகிறது என்றார். ஊசியில் நூல் கோக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டார். டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்வார். அன்றோடு சனிக்கிழமைகள் முடிந்துபோகும். உடம்பு பழகுகிறது, இன்னொரு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நிறுத்தினால் எடை இரண்டு மடங்காக ஏறும் என்று பயமுறுத்தினேன். பயமுறுத்தினேன் என்பது பெரிய வார்த்தை. எடுத்துச் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் போன் வந்தது.

“அண்ணா... ரொம்ப இளைக்குது.”

“சந்தோஷம்மா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு.”

“அது இல்லண்ணா...”

“சனிக்கிழமை வாங்க, பேசிக்கலாம்,” என்று வைத்துவிட்டேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பக்கத்தில் இருந்த அக்காவும் கேட்டிருக்கிறார். தங்கை மூச்சு இளைக்கிறது என்றாள், கடைக்காரர் உடம்பு இளைக்கிறது என்று எடுத்துக்கொண்டார், பாவம் அவர் என்ன செய்வார் என்றுதான் உங்களிடம் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள். ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வைத்திருக்கும் நம் பாஷை என்னைக் காப்பாற்றிவிட்டது.

ஆனால் போனில் வார்த்தை மட்டுமா கேட்கும் சார். ‘அண்ணா’வுக்கும் ‘ரொம்ப’வுக்கும் நடுவே அவர் மூச்சை இழுத்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. எந்த இளைப்பு என்று அப்போதே புரிந்துவிட்டது. மொத்த வியாபாரி சொன்னதும் நினைவுக்கு வந்தது. வேரை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொல்லவில்லை. சனிக்கிழமை வரை தாங்குவார் என்று நினைத்தேன். போனை வைத்த கையோடு எடை மெஷின் திருகையும் தள்ளி வைத்தேன். மறுநாள் மத்தியானம் தையல் மெஷின்மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தப்பித்தவன் ஏன் தானாக வந்து மாட்டிக்கொள்கிறான் என்று பார்க்கிறீர்கள். குழப்பம் என்று நீங்கள் எழுதினால், அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடும். அவர் சொன்ன எதுவும் எனக்குப் புரியாமல் போனதில்லை.

அவருடைய போனில் என் எண் ‘வேர்க்கடை’ என்றுதான் இருந்தது, வீட்டில் என்னைப் பற்றி அவர் பேசியதே இல்லை என்றீர்கள். அதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்கா கூடவே இருக்கிறார், கண்ணில் பட்டால் என்ன நினைப்பார் என்ற கூச்சம்தான். வேறு பேர் போட்டுவைக்க அவளுக்கு ஆசை இருந்திருக்கும் சார்.