உள்ளானிடம் கேட்ட கேள்வி

மன்னார் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பிலோமினா அம்மா, நிற்பவர்கள் கேட்கக் கேட்க, "ஆள் வருகுது, ஆள் வருகுது" என்று பக்கத்து இடத்தில் பையை வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏறி அதில் அமர்ந்தவர், எருக்கலம்பிட்டியில் இருக்கும் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதி றஹீமா. இரண்டு பேரும் வங்காலைக்குப் பறவை பார்க்கப் போகிறார்களாம்.

பஸ் பாலத்தில் ஏறியது. கடல் வற்றிய சேற்றில் உள்ளான் குருவிகள் ஓடி ஓடி மேய்ந்தன.

"படிக்கிற வயசில சண்டையால இடம்பெயர்ந்து புத்தளத்தில இருக்கேக்க இதுகளோட கதைக்கிறனான்," என்றார் றஹீமா.

"உள்ளானோடயா?"

"ஓம். அங்கத்தைக் களப்புச் சேத்தில வந்து இறங்கினா, மன்னாரில இருந்துதான் வருதெண்டு நினைச்சு ஊர்ப் புதினம் கேப்பன்."

"விசரி! அதுகள் ரஷ்யாப் பக்கமிருந்தெல்லோ வாறது."

"இப்ப தெரியும். அப்ப ஆர் சொன்னது?"

"சரி, என்ன கேட்டனீ?"

"பிலோமினா என்னை மறந்திட்டாளோ எண்டு."

பிலோமினா சிரிப்பை நிறுத்திவிட்டு, மடியிலிருந்த பைனாகுலரைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நீ போன பிறகு, வகுப்பில நாங்கள் இருந்த வாங்கில உன்ர இடத்தில என்ர பையைத்தான் வச்சனான். ரீச்சர் ஏசியும் எடுக்கேல்லை."