முதலில் உயரம்

முதன்முதலாக ரோடு சைக்கிள் வாங்குகிறவர்கள் எல்லோரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் உள்ள அந்த வகையைத்தான் சொல்கிறேன், ஐயா. உயரத்தைப் பார்க்க வேண்டும். ஆளின் உயரம், அப்புறம் கால் நீளம். மற்றதெல்லாம் பிறகு. நான் கொஞ்சம் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது. கதவுப் பக்கம் போக மாட்டேன்.

செத்துப்போனவரை எங்கள் கடையில் ரேடியோ என்போம். காலையில் வாயைத் திறந்தால் கடை சாத்தும்வரை மூட மாட்டார். எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னறையில் அவர் கண் பரிசோதிப்பார். பின்னறையில் நான் வில்லைகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். தேய்த்த ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். பத்தொன்பது வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளியே போனதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்வது நல்லது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டில் டிவி ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம், மேல்வீட்டில் நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிற சத்தம் ஒரு பக்கம். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டே பொறந்தீங்களா?" என்பாள் மனைவி. சைக்கிளில் ஏறினால் மட்டும் அது அடங்கும். ஆற்றோரச் சாலையில் கடைக்குப் போக நாற்பது நிமிடம், திரும்பிவர நாற்பது நிமிடம். யாரும் பேச மாட்டார்கள். அந்த எண்பது நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் மீதி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரேடியோ பின்னறைக்குள் வந்து என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்றாரு. ஒரு சைக்கிள் வாங்கிட்டா வேலைக்கு வந்த மாதிரியும் ஆச்சு, லீவு நாள்ல ஜாலியா ஒரு சுத்து சுத்துன மாதிரியும் ஆச்சு. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அதற்கு முன்னால் என்னிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். உயரம் கேட்டேன். ஐந்தடி எட்டு என்றார். டயர் ரொம்பவும் மெல்லிசாக வேண்டாம், பள்ளத்தில் இடுப்பு போய்விடும் என்றேன். பந்தயத்துக்குக் குனிந்து ஓட்டுகிற மாடல் வேண்டாம், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிற மாதிரி பாருங்கள் என்றேன். மழைநாளில் சேறு தெறிக்காமலிருக்க மட்கார்டு மாட்டத் துளை இருக்கிறதா, பை கட்ட இடமிருக்கிறதா, மேட்டில் மிதிக்க லேசான கியர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியான யோசனைகள். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருமாகச் சைக்கிள் பார்க்கப் போனோம். மூன்றாவது கடையிலிருந்து வெளியே வரும்போதுதான் அதைச் சொன்னார். "இனிமே நீங்க தனியா போய்க் கஷ்டப்பட வேணாம்ணே. ரெண்டு பேரும் சேந்தே போகலாம். பேசிக்கிட்டே போனா தூரமே தெரியாது."

என் எண்பது நிமிடம் அத்தோடு போயிற்று.

பிறகு அவர் மனதைக் கலைக்கப் பார்த்தேன். முதுகு வலிக்கும் என்றேன், நாய் துரத்தும் என்றேன், மழை, லாரி எல்லாம் சொன்னேன். "நீங்க கூட இருக்கும்போது எனக்கென்னண்ணே பயம்?" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீடுவரை வந்து மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனவர்.

கடைசியில் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். வேலை மாற்றலாகிப் போகிற ஒருவர் விற்கிற பழைய சைக்கிள். நீல நிறம். பார்க்கப் புதுசுபோல இருந்தது. அதைத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவைத்துவிட்டு, "நீங்க ஓகேன்னு சொன்னாதான் வாங்குவேன்" என்றார் ரேடியோ.

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவையை ஃபோர்க் என்பார்கள். அந்த வண்டியில் அது கார்பன் இழையால் ஆனது. கார்பன் உள்ளே உடைந்திருந்தால் வெளியே தெரியாது, பெயின்ட் மறைத்துவிடும். ஒரு காசை எடுத்து மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும். இடது பக்கம், மேலிருந்து நான்கு விரல் கீழே, மொத்தென்று கேட்டது. மறுபடி தட்டினேன். மறுபடியும் மொத்தென்றுதான் கேட்டது. குனிந்து பார்த்தேன். நீலப் பெயின்டுக்குக் கீழே மயிரிழை ஓடியிருந்தது.

"எப்படிண்ணே?"

"உங்க உயரத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். அதில் பொய் இல்லை, அளவு கச்சிதம். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்து போனோம். ரேஷன் கார்டில் பெயர் திருத்தியது, மாமனாரின் மூட்டுவலி, கண் பரிசோதிக்க வந்தவர் தூங்கிப்போனது, கல்லூரியில் படிக்கிற மகள், மகளின் சிநேகிதி, சிநேகிதி வீட்டுப் பூனை. நான் பின்னாலேயே போனேன். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினார். நான் அந்த இடது கவையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கா, நாளைக்கா என்று மனது கிடந்து தவித்தது. காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது நாள் ஒன்றுமே ஆகவில்லை.

பத்தாவது நாள், ரயில்வே மேம்பாலம் வழியாகப் போனால் நான்கு நிமிடம் மிச்சம் என்றேன். உண்மையில் ஆறு நிமிடம் அதிகம். நான் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். அந்தப் பாலத்தில் இறக்கம் செங்குத்தாக இருக்கும். அடியில் இரும்புப் பட்டை பதித்திருப்பார்கள், அதன்மேல் ஏறினால் பல்லே அதிரும். பின்னால் எப்போதும் பேருந்து வரும்.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டரைக்கு அது நடந்தது. இறக்கத்தில் அவர் கழுத்தைத் திருப்பி, "நேத்து சாப்பிடறப்போ எம்பொண்ணு என்ன சொன்னா தெரியுமாண்ணே" என்றார். பட்டையில் சக்கரம் ஏறியது. கவை முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. பேருந்து ஓட்டுநர்மேல் தப்பே கிடையாது, பாவம், அவரை விட்டுவிடுங்கள். ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததும் நான்தான். நீங்கள் விபத்து என்று எழுதி மூடினீர்கள்.

மூன்றாம் நாள் ஆற்றோரச் சாலையில் தனியாகப் போனேன். ஒரு சத்தமில்லை. ஆனால் மனது அடங்கவே இல்லை, ஐயா. அந்தப் பெண் என்னதான் சொன்னாள் என்று மண்டைக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போகும்போதும் அதே, வரும்போதும் அதே. மனுஷன் செத்தும் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

நேற்று அவளே கடைக்கு வந்தாள். அப்பா என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் நான் அவளுக்குப் பெரியப்பா.

"சைக்கிள் வாங்குனதுலேர்ந்து அப்பா உங்களைப் பத்தியேதான் பேசுவாரு, பெரியப்பா. எனக்கும் ஒரு சைக்கிள் வேணும், நானும் உங்க ரெண்டு பேரோட காலேஜ் வரைக்கும் வரேன்னு சாப்பிடறப்போ சொன்னேன். உங்ககிட்ட கேக்கறேன்னாரு. அதுக்குள்ள..." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாத்து வாங்கிக் குடுங்க பெரியப்பா. அப்பா போன வழியில நான் உங்ககூட வரேன். நீங்களும் பாவம், தனியாதானே போறீங்க."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள். அப்பாவைப் போலவே கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு பேசினாள்.

குற்ற உணர்ச்சியில் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம்மா, வேறு யாரையாவது கேள் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நான் கேட்டது அவளுடைய உயரத்தை. ஐந்தடி மூன்று என்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை, ஐயா. கையெழுத்தை எங்கே போட வேண்டும்?