மூன்றாவது வளைவு

யூருன்: டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க கேப்டன்... ஆங், அப்படியே பிடிங்க. இது என்ன சைலன்சரா, சல்லடையா?

ஹால்வார்ட்: அதான் புதுசு போட வந்திருக்கேன்.

யூருன்: ஓட்டைக்கு ஒரு சைலன்சர் மாத்தினா போதும். நீங்க முழு செட்டும் கேக்குறீங்க. அதுவும் பெருசு.

ஹால்வார்ட்: சத்தமே வரக் கூடாது.

யூருன்: அது சைலன்சரால மட்டும் வர்ற சத்தம் இல்ல. வேன் ஜெர்மன் வேன், பின்னாடி உக்காந்திருக்கிறது ஜப்பான் கார் எஞ்சின். அதுல இடது குழாய் குட்டை, வலது குழாய் நீட்டு. புகை முன்னும் பின்னுமா வந்து சேருது. அதான் அந்த டுபு டுபு.

ஹால்வார்ட்: ரெண்டையும் ஒரே நீளமாக்கிட்டா?

யூருன்: தையல் மிஷின் மாதிரி சன்னமா ஓடும்.

ஹால்வார்ட்: அப்ப அதையே செஞ்சுடு.

யூருன்: நீங்களும் எங்கப்பாவும் ஒரு குளிர்காலம் பூரா இந்தப் பட்டறையில கிடந்து மாத்தின எஞ்சின். அந்தச் சத்தத்துக்காகவே மாத்தினேன்னு அப்பா பெருமை அடிச்சுக்குவாரு.

ஹால்வார்ட்: அடிப்பான், அடிப்பான்... அவன் போய்ச் சேர்ந்தும் நாலு வருஷம் ஆச்சு.

யூருன்: ம்... ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, ஊத்திக்கங்க. ஊத்திக்கிட்டுக் காரணத்தச் சொல்லுங்க.

ஹால்வார்ட்: வண்டிச் சோதனை வருது. சத்தம் அளவு தாண்டுதாம்.

யூருன்: ஏப்ரல்ல சோதனை பண்ணிக் கையெழுத்துப் போட்டது யாரு?

ஹால்வார்ட்: யாரு?

யூருன்: நான். அடுத்தது இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு.

ஹால்வார்ட்: ஆடுங்க மிரளுது. மேல் ரோட்டுல.

யூருன்: ஆடுங்க ஜூன்லேருந்து மலை உச்சியில மேயுது. இன்னும் ஒண்ணுகூட இறங்கல. வேற சொல்லுங்க.

ஹால்வார்ட்: காது நோகுது யூருன்.

யூருன்: முப்பது வருஷம் ஃபெர்ரி ஓட்டின காது, இப்பத்தான் நோகுதா? அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்?

ஹால்வார்ட்: சனிக்கிழமைன்னு யாரு சொன்னா?

யூருன்: யாரு சொல்லணும். ஃபியோர்டுத் தண்ணிக்கு அந்தக் கரையிலகூடக் கேக்குது. "கேப்டன் மேட்டுல ஏறிட்டாரு, மணி அஞ்சு"ன்னு கடையில கடிகாரத்தைச் சரி பண்ணிக்கிறாங்க.

ஹால்வார்ட்: மேல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேன். அதுக்குமா...

யூருன்: உங்க தூண்டில் அந்தா, அந்தச் சுவத்துல தொங்குது. ஜூலையில மறந்து விட்டுட்டுப் போனது.

ஹால்வார்ட்: அட, இங்கயா இருக்கு அது?

யூருன்: இஸ்திரி போட்ட சட்டையில போறீங்க. வர்றப்ப அதுல ஜாம் கறை. மீனுக்கு ஜாம் தடவியா போடுறீங்க?

ஹால்வார்ட்: அப்பன் வாய் அப்படியே வந்திருக்கு உனக்கு.

யூருன்: பேச்சை மாத்தாதீங்க.

ஹால்வார்ட்: ஒருத்தங்க வீட்டுக்குப் போறேன். போதுமா? காபி குடிப்போம், சீட்டு ஆடுவோம். வேற ஒண்ணும் இல்ல... இல்ல, இருக்கு. இந்த வயசுல சனிக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிடக்கேன். அதான்.

யூருன்: நல்லதுதானே. அதுக்கு எதுக்கு ஒளியணும்?

ஹால்வார்ட்: ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. ஒரே ஒரு ஆள் காதுல விழக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளை.

யூருன்: விழுந்தா?

ஹால்வார்ட்: நான் தூக்கி வச்சுக் கொஞ்சின பிள்ளை அது. "எங்கப்பா நாற்காலியில இவன் வந்து உக்காந்துட்டானே"ன்னு அது மனசுல ஒரு நாள் தோணிடுச்சுன்னா... என்னால தாங்க முடியாது. அப்புறம் நான் அங்க போகவே மாட்டேன்.

யூருன்: அது அப்படிச் சொல்லிச்சா?

ஹால்வார்ட்: சொல்லல. நானும் கேக்கல. எப்படிக் கேக்குறது, நீயே சொல்லு.

யூருன்: வாயைத் திறந்து கேக்க மாட்டீங்க. குழாயை மாத்துவீங்க.

ஹால்வார்ட்: நம்ம ஊர் ஆம்பளை வேற என்ன செய்வான்.

யூருன்: அதுவும் சரிதான். வண்டியை விட்டுட்டுப் போங்க. சனிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கங்க.

* * *

ஹால்வார்ட்: இது ஓடுதா, நிக்குதா?

யூருன்: ஓடுது. பின்னாடி கையை வச்சுப் பாருங்க, சூடு தெரியும்.

ஹால்வார்ட்: அட... காபிப் பானைகூட இதைவிட அதிகமாச் சத்தம் போடும்.

யூருன்: எல்லாம் நல்ல ஸ்டீல். துருப் பிடிக்காது.

ஹால்வார்ட்: இரு, இரு. இந்த இடது குழாய்... இது பழசாச்சே.

யூருன்: அப்பா செஞ்சது. பிரஷ் போட்டுத் தேச்சேன், உள்ள நல்லாத்தான் இருக்கு. கழட்ட மனசு வரல.

ஹால்வார்ட்: அப்ப ரெண்டும் ஒரே நீளம் இல்லையே.

யூருன்: இல்லதான். ஆனா சமதரையில மெதுவாப் போனா பெரிய சைலன்சர் அமுக்கிடும். இந்தப் பட்டறை வாசல்ல போனாக்கூட எனக்குக் கேக்காது.

ஹால்வார்ட்: மேட்டுல?

யூருன்: மேல் ரோட்டு மூணாவது வளைவுல, ரெண்டாவது கியர்ல மிதிச்சா மட்டும் பழைய டுபு டுபு கொஞ்சம் எட்டிப் பாக்கும்.

ஹால்வார்ட்: யூருன்... மூணாவது வளைவுக்கு மேல இருக்கிறது ஒரே ஒரு வீடு.

யூருன்: தெரியும் கேப்டன். ஒரு வருஷமா அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்கம்மா வாஃபிள் மாவை ஊத்துறாங்க, அவங்களுக்குக் கேக்க வேணாமா?