தாய்மாமன் வைத்த சுண்ணாம்பு

உச்சிப்புளியில் நல்ல சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். பெயர் குருநாதன். பாம்பனிலிருந்து சிப்பி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் காளவாயில் கரி போட்டுச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, குழைத்து, டப்பாவில் அடைத்து, பரமக்குடி வரைக்கும் வெற்றிலைக் கடைகளுக்குப் போடுகிறேன். வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் என் வெந்த கையைப் பார்த்துவிட்டுக் காப்பி டம்ளரை எட்ட வைத்தார்கள். நாலாவது வீட்டுக்கு நான் போகவில்லை. காப்பியைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றிவிட்டது.

இளகிய மனசுக்காரன் நான். சிப்பிக் குவியலில் உயிருள்ள நண்டு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

என் தங்கை சுகந்தியின் வீட்டுக்காரர் தர்மராஜ், சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அரியலூரில் லோடு ஏற்றினால் ராமநாதபுரம், சில நாள் தங்கச்சிமடம். முப்பது வருஷமாக இதே ரோடுதான். டிரிப் முடிந்து வந்தால் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வருவார். சிப்பி மூட்டை மேல் உட்கார்ந்து, ஒரு கவுளி வெற்றிலையை இரண்டு பேரும் காலி செய்கிற வரைக்கும் பேசுவார். எந்த ஓட்டலில் சாம்பாருக்குள் பருப்பைத் தேட வேண்டியிருந்தது, எந்த டோல்கேட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று உலகமே அவர் வாய் வழியாகத்தான் என் வீட்டுக்குள் வரும். என் வீட்டில் டிவி கிடையாது. தேவைப்படவில்லை.

அப்புறம்தான் கல் வந்தது.

அரியலூரில் லோடு போட லாரிகள் வரிசையில் ஒரு நாள், இரண்டு நாள்கூட நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள். இவர் பக்கத்து ஓடைகளில் காலாற நடந்தவர், ஒரு நாள் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பெயர் அம்மோனைட் என்று போனில் பார்த்துச் சொன்னார். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அரியலூர் முழுக்கக் கடலாம். அதில் நீந்திய பிராணியாம். செத்து, சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டதாம். நல்ல பெரிய நத்தை என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நத்தை இல்ல மச்சான். நம்ம கணவாய்க்குப் பங்காளி" என்றார். கணவாய் என்றால் குழம்பு வைக்கலாமே என்றேன். அன்றைக்கு அவர் பாதி வெற்றிலையிலேயே எழுந்து போய்விட்டார்.

இரண்டு வருஷத்தில் நாற்பத்திரண்டு கல் சேர்ந்தது. அரிசி டிரம் மேல் கல், பீரோவில் சேலைக்கு நடுவில் கல். சுகந்தி ஒரு நாள் சாமி மாடத்தில் விளக்கைத் தேடி, கல்லுக்குத் திரி போடப் பார்த்தாள். அவர் என் வீட்டுக்கு வருவது வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. வந்தாலும் மடியில் ஒரு கல், கையில் பழைய டூத் பிரஷ். தேய்த்துக்கொண்டே இருப்பார். நான் பேசினால் "ம்" என்பார். ஒரு முறை வேண்டுமென்றே, "மாப்ள, ராத்திரி காளவாய் வெடிச்சு நான் செத்துப்போயிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "ம்" என்றார்.

இதனால் எனக்குக் கோபம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தங்கைக்காகத்தான் வருத்தம். வீட்டில் இடம் இல்லை பாருங்கள்.

போன வருஷம் ஆவணியில் அவர்கள் மகள் கவிப்ரியாவுக்கு நிச்சயம் வைத்தோம். அதே சமயத்தில் அவருக்கு ஒரு பெரிய கல் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், ஏழு கிலோ கனம். சுருள் முடிகிற இடத்தில் மட்டும் யாரையோ கூப்பிடுவது போல் வெளியே வளைந்திருந்தது. படத்தை வாட்ஸப்பில் திருச்சியிலுள்ள ஒரு கல்லூரிப் பேராசிரியைக்கு அனுப்பினார். யுவராணி என்று பெயர். இந்த மாதிரி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை, எதைக் கொண்டும் கழுவ வேண்டாம், நிச்சயம் முடிந்த மறுநாள் நேரில் வருகிறேன், புது இனமாக இருந்தால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார். தர்மராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்துக் கோடி வருஷம் பேரில்லாமல் நிம்மதியாகக் கிடந்த பிராணிக்கு இப்போது தர்மராஜ் என்று பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. சொன்னால் "ம்" என்பார்.

நிச்சயத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அவர் டிரிப் போயிருந்தார். கல்லையெல்லாம் பின்னால் ஷெட்டுக்கு மாற்றிக் கொடுங்க அண்ணே என்று சுகந்தி கூப்பிட்டாள். காலை பதினோரு மணி, நல்ல வெயில். ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, அடியில் வைக்கோல் பரப்பி, நாற்பத்திரண்டு கல்லை ஷெட்டில் பத்திரமாக வைத்தேன். நாற்பத்து மூன்றாவதைச் சிப்பிச் சாக்கில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டினேன்.

சுண்ணாம்புக்காரன் பார்வையில் கடலில் பிறந்ததெல்லாம் சிப்பிதான். கொஞ்சம் புதுசு, கொஞ்சம் பழசு, அவ்வளவுதான் வித்தியாசம். சுத்தியலால் நாலு அடி. கரி ஒரு அடுக்கு, கல் ஒரு அடுக்கு. எட்டு மணி நேரம் புளோயர் ஓடியது. ஆறியபின் தண்ணீர் தெளித்தேன். பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கல் உப்பி, பிளந்து, அப்படியே பூவாக உதிர்ந்தது. நல்ல ஜாதிக் கல். நாலு கிலோ தேறியது. லேசாகச் செம்மை ஓடியிருந்தது, இரும்புச் சத்தாக இருக்கும். வெள்ளைத் துணியில் மூன்று முறை சலித்தேன். சாதாரண சிப்பிக்கு நான் ஒரு முறைதான் சலிப்பேன். அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

அரியலூரில் இதே கடலை, இதே பிராணிகளை, நாள் தவறாமல் மலை மலையாக அரைத்து சிமெண்டாக்குகிறார்கள். நீங்கள் இருக்கிற வீட்டுச் சுவரில்கூட ஒரு குடும்பம் இருக்கலாம். அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. நான் ஒன்றே ஒன்றைத்தான் சுட்டேன்.

தர்மராஜ் திரும்பி வந்து கல்லைக் காணாமல் வீட்டையே பிரட்டிப் போட்டார். கடைசியில் சந்தேகம் மாப்பிள்ளைப் பையனின் சித்தப்பா மேல் விழுந்தது. அபிராமத்துக்காரர், பெண் பார்க்க வந்த அன்று அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, என்ன கனம் என்று சொன்னவர். அதுதான் அவர் செய்த தப்பு. கல் வந்தால்தான் நிச்சயம் என்று தர்மராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு அபிராமத்துக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். ஒரு கல்லுக்காகப் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்று ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவர் தணிந்தார். "எங்கண்ணன் மட்டும் இல்லைன்னா இந்தக் குடும்பம் என்னைக்கோ செதறிப்போயிருக்கும்" என்று சுகந்தி எல்லோரிடமும் சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தச் சித்தப்பா எப்போது வந்தாலும் இன்றுவரை அவரை வீட்டில் யாரும் தனியாக விடுவதில்லை. கக்கூசுக்குப் போனால்கூட ஒருவர் வாசலில் நிற்கிறார். வருத்தமான விஷயம்தான்.

நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டு தாய்மாமன் சீர். வெற்றிலை, பாக்கு, நடுவில் புது வெள்ளிச் சிமிழில் என் சுண்ணாம்பு. இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டார்கள். எண்பது பேர் போட்டார்கள். பையனின் தாத்தா மூன்றாம் தரம் கை நீட்டினார். எதுவும் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்த தர்மராஜுக்கு நானே ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் மென்றார். இரண்டு நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு நல்லாருக்கு மச்சான். என்ன சிப்பி?"

"பழைய சிப்பி மாப்ள" என்றேன். பொய் சொல்வது என் வழக்கமில்லை.

மறுநாள் யுவராணி அம்மா திருச்சியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பெண்பிள்ளையை வெறும் கையோடு அனுப்பக் கூடாதென்று சுகந்தி மஞ்சள் குங்குமத்தோடு வெற்றிலையும் கொடுத்தாள். அந்தம்மா மரியாதைக்கு அங்கேயே ஒன்றைப் போட்டார். பார்க்க வந்ததைப் பார்க்காமல் போனார் என்று சொல்ல முடியாது. அவர் அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டாம், ஒரு டப்பா வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். கல் கிடைத்த அதே ஓடையில் இன்னொன்று இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்துதான் நல்ல காலம் வந்தது. தனியாகத் தேட அவருக்குத் தெம்பு இல்லை. டிரிப்புக்கு டிரிப் நானும் லாரியில் ஏறினேன். பதினோரு மாதம். அவர் மறுபடி பேச ஆரம்பித்தார். சாம்பார், டோல்கேட், முழங்கால் வலி, தைமாதம் கல்யாணமாகிப் போன கவிப்ரியா போன் பண்ணாத நாட்கள், எல்லாம். வெள்ளைக் களிமண் மேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் சொன்னார்:

"பேருக்கு ஆசைப்படல மச்சான். முப்பது வருசமா அரைச்ச மாவைத்தான் சுமக்குறேன். இது ஒண்ணையாச்சும் அரைபடாமக் காப்பாத்துனோம்னு நெனச்சேன். அதையும் தொலைச்சுட்டு நிக்கிறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தயிர்ச்சாதம் அன்றைக்கு நன்றாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்திலேயே அந்த ஓடைக் கரையில் இன்னொரு கல்லைப் பார்த்துவிட்டேன். அதே மாதிரி, முனை வெளியே வளைந்தது. அதன் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டேன். அவர் அந்தப் பக்கம் தேடி முடித்ததும் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். களைப்பாக இருந்தார், அன்றைக்கே கிடைத்துவிட்டால் அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிடும். அப்புறம் நாலைந்து தடவை அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

போன வாரம் பெய்த திடீர் மழை மண்ணை அலசிவிட்டது. அவரே கண்டுபிடித்தார். கத்தவில்லை. மண்டிபோட்டு, இரண்டு கையாலும் எடுத்து, சட்டையைக் கழற்றிச் சுற்றினார். முதலாவதை விட நல்லது, உடையாதது. யுவராணி அம்மா வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்து லாரியை என் வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே வந்து, சட்டை சுற்றிய கல்லை என் மடியில் வைத்தார்.

"எங்க வீட்டுல வைக்கப் பயமா இருக்கு மச்சான். சித்தப்பா வந்து போற வீடு. இங்கனயே இருக்கட்டும். ஒங்கள விட்டா யார நம்புறது."

வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தேன். போன் வந்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். அந்தப் பேராசிரியைதான்.

ஐந்து நாளாகிறது. அவர் வரவில்லை. நேற்று நானே போன் செய்து முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "ம்" என்றார். இனித் தேட ஒன்றுமில்லை, லாரியில் என்னை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை, நியாயம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. கல்லை அரிசி டிரம்மில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஒரு மூட்டை கரி வாங்கிவந்து காளவாயைப் பற்றவைத்தேன். சிப்பிக்காகத்தான். சிப்பி பாம்பனிலிருந்து சனிக்கிழமை வரும்.