ஐந்து தெருவுக்கும் ஒரே வாசல் திறந்த பாலாமணி அம்மையாருக்கு

அருப்புக்கோட்டை ஐந்து தெரு மக்கள் மன்றத்தின் அமைப்பாளராகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, 1974ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முப்பதாம் நாளாகிய இன்று விடைபெறும் திருமதி பாலாமணி அவர்களுக்கு, மன்றப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

பசித்து வந்தவர் முன் பதிவேட்டை நீட்டாத பண்பாளரே! வாசலில் வந்து நின்ற எவரையும் "நீ எந்தத் தெரு?" என்று வினவாத வாய்மையே! வெயிலில் வந்தவர்க்கு நிழலும், விவரம் அறியாது வந்தவர்க்கு விளக்கமும், வீட்டில் அடிபட்டு வந்தவர்க்கு விசாரணையில்லாத ஒரு மூலையும் தந்த வித்தகரே! எங்கள் அம்மையே! வணக்கம், வணக்கம்.

இம்மடலுக்கு வேறொரு வாசகம் முன்பே எழுதி எங்களிடம் தரப்பட்டது. இம்மேடையில் தலைமை வகிக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் திரு. வெள்ளத்துரை அவர்கள் தம் கைப்பட எழுதி, "இதை அப்படியே வாசிங்க, ஒரு எழுத்து மாறக் கூடாது" என்று எழுத்தராகிய என்னிடம் கொடுத்தார்கள். அதில் "அன்பின் உருவே, அடக்கத்தின் திருவே" என்றெல்லாம் அழகாகவே எழுதியிருந்தார்கள். மூன்றாம் பத்தியில் "உடல்நலம் கருதித் தாமே விரும்பி ஓய்வு பெறும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி பச்சைப் பொய். ஆகவே அந்தத் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதை வாசிக்கிறேன். மேடையில் இருப்பவர்கள் சினந்து எழுந்து போவதானால் போகலாம். இம்மடல் உங்களை விளித்தது, அம்மா. மற்றவர் காதிலும் விழுந்தால் விழட்டும்.

தெலுங்கில் தாலாட்டித் தமிழில் விலை பேசும் தெருவும், கன்னடத்தில் சண்டையிட்டுத் தமிழில் சமாதானமாகும் தெருவும், பாங்கொலி கேட்டுக் கடை எடுத்துவைக்கும் பள்ளிவாசல் தெருவும், தராசு முள்ளைப் பார்த்தே கண் பூத்துப்போன கடைத்தெருவும், ஊரையெல்லாம் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு ஊருக்கு வெளியே உறங்கும் காலனியும் என ஐந்து தெருவும் கூடுகிற முக்கில் இந்த மன்றம் நிற்கிறது. நீங்கள் பொறுப்பேற்ற 1957இல் இங்கே ஒரு வானொலிப் பெட்டியும், இரண்டு பெஞ்சும், பூட்டிய அலமாரியும் இருந்தன. பெஞ்சில் யார் உட்காரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்களுக்குத் தெரிவிக்க ஆள் இருந்தது.

நீங்கள் பெஞ்சை எடுத்து வெளியே போட்டீர்கள். பாய் விரித்தீர்கள். பிறகு ஒரே ஒரு விதி செய்தீர்கள். முந்தி வந்தவர் அடுத்து வருபவருக்குப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். குடித்தவர் தமக்கு அடுத்தவருக்கு மொண்டு கொடுக்க வேண்டும். பானை ஒன்று, செம்பு ஒன்று. விருப்பமில்லாதவர் தாராளமாக உள்ளே வரலாம், தாகத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

சித்திரை மாதத்து அருப்புக்கோட்டையில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று இந்தச் சபைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதோ முன்வரிசையில் இருக்கும் தெலுங்கு நெசவாளர் தெரு வெங்கடம்மாள் அவர்கள், தமக்கு முந்தி யார் நுழைகிறார்கள் என்று எதிர்ச்சாரியில் நின்று நோட்டம் பார்த்துவிட்டுத்தான் அப்போதெல்லாம் உள்ளே வருவார்கள். ஒரு வாரம் அவர்கள் கணக்குத் தப்பியது. நாள்தோறும் நம் துப்புரவுப் பணியாளர் கருத்தப்பாண்டியின் மனைவியே அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். நான்கு நாள் நாக்கை மடித்துக்கொண்டு தையல் பழகினார்கள். ஐந்தாம் நாள், "கொண்டாத்தா இங்கிட்டு, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிருச்சு" என்று கையை நீட்டினார்கள். வெங்கடம்மாள் சிரிக்கிறார்கள். அவர்களே இதைப் பலமுறை சொல்லிச் சிரித்ததனால்தான் நானும் துணிந்து சொன்னேன்.

அறுபத்தாறாம் ஆண்டு அரிசிப் பஞ்சத்தை மறப்போமா? திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி மூன்று வருடம் ஏமாற்றிவிட, கோட்டைச்சாமியும் அவரைப் போன்றவர்களும் பெண்டு பிள்ளைகளுடன் வந்து ரயில் பாதை ஓரம் குடிசை போட்டார்கள். குடிசைக்குக் கதவு இல்லை. ஆகவே கதவிலக்கம் இல்லை. ஆகவே குடும்ப அட்டை இல்லை. ஆகவே அரிசி இல்லை. சட்டம் வெகு ஒழுங்காக அவர்களைப் பட்டினி போட்டது. நீங்கள் அத்தனை பேரின் விண்ணப்பத்திலும் இந்த மன்றத்தின் கதவிலக்கத்தை எழுதினீர்கள். விசாரிக்க வந்த அதிகாரி, "என்னம்மா இது, ஒரே வீட்டுல நாப்பத்து மூணு குடும்பமா?" என்று அதட்டினார்.

"ஆமாங்கய்யா. பெரிய வீடு" என்றீர்கள்.

அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நூல் சுற்றுகிற பெண்களையும், மனு எழுத வந்த கிழவர்களையும், பாயில் தூங்குகிற பிள்ளைகளையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெயர் தெரியாத மனிதரும் வாழ்க!

இனி எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பாராட்டு மடலில் பாராட்டுகிறவர் குற்றத்தைச் சொல்லும் வழக்கம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, இன்று சொல்கிறோம்.

அறுபத்தெட்டுக் கோடையில் உங்கள் அக்காள் காலமாகி நீங்கள் பத்து நாள் பந்தல்குடியில் இருந்தீர்கள். கூட்டம் மிகுதி, வெயில் கடுமை, தண்ணீருக்கு வரிசை வாசல் வரை நீண்டது. நல்லது செய்வதாக எண்ணி நான் இரண்டாவது பானை ஒன்று வாங்கி வாசலருகே வைத்தேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, எவரும் அறிவிப்பு எழுதி ஒட்டவில்லை. ஒரு வாரத்துக்குள் வாசல் பானை காலனிப் பானை ஆகிவிட்டது. முதலில் ஒதுங்கியவரே கருத்தப்பாண்டிதான். "எதுக்கு சார் வம்பு? நாங்க இதுலயே குடிச்சுட்டுப் போறோம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்குகிறது.

நீங்கள் திரும்பி வந்தீர்கள், பார்த்தீர்கள், என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போய், கன்னட நெசவாளர் தெரு சௌடம்மாளிடம் தறிப் பாவுக்குக் கஞ்சி காய்ச்ச வைத்துக்கொள்ளும்படி கொடுத்துவிட்டு வந்து, என்னிடம் சொன்னீர்கள்: "ஏப்பா கருணாகரா, வரிசை நீளமா இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டு நிப்பாக. அதுக்குத்தானப்பா வாராக."

இந்த மன்றம் எதற்காக இருக்கிறது என்று எனக்கு விளங்கியது அன்றுதான். சௌடம்மாள் மகளுக்கு வந்த மதுரை வரனின் வண்டவாளத்தைப் பள்ளிவாசல் தெரு சைதுன் பீவி சொல்லித் தடுத்தது இந்த வரிசையில். கொழும்பிலிருந்து நான்கு மாதமாகக் கடிதம் வராத சைதுன் பீவியை வெங்கடம்மாள் தேற்றியது இந்த வரிசையில். ஒரு தெருவின் துயரம் மற்றொரு தெருவுக்குத் தெரிய வந்ததே இந்த வரிசையில்தான்.

அந்த வரிசையைத்தான் இப்போது ஒழித்துவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பங்குனியில் ஒரு நாள், தலைவர் வீட்டு மருமகள் தையல் இயந்திரத்துக்காக அரைமணி நேரம் காத்திருந்தார். இயந்திரத்தில் இருந்தவள் கருத்தப்பாண்டியின் மகள். "முறைப்படிதான் விடுவேன்" என்றவர் நம் தையல் ஆசிரியை நூர் பீவி. காத்திருந்த மருமகளோ கோபிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு வந்தது. அடுத்த வாரம் குழு கூடியது. "ஒழுங்கு" என்ற சொல் அன்று எத்தனை முறை உச்சரிக்கப்பட்டது! இந்த மடலில் அன்பு என்ற சொல் கூட அத்தனை முறை வரவில்லை.

தீர்மானம் இது. திங்கள், தெலுங்கு நெசவாளர் தெரு. செவ்வாய், கன்னட நெசவாளர் தெரு. புதன், கடைத்தெரு. வியாழன், பள்ளிவாசல் தெரு. வெள்ளி, குழுவினர் குடும்பத்தார். சனி, காலனி. ஞாயிறு விடுமுறை, தரை கழுவுதல். கடைசி இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறார்கள், அம்மா! காலனிக்காரர்கள் வந்து போன மறுநாள் தரை கழுவ வேண்டுமாம். தரையைக் கழுவப் போவதும் காலனிக்காரரே. ரயில் பாதையோரத்துக் குடிசைகளுக்கு நாளே கிடையாது. அது தெரு இல்லையாம். இந்தத் தீர்மானத்தை முத்து முத்தான கையெழுத்தில் படியெடுத்தவன் நான். இந்த விரல்கள்தான். வெட்கம்!

அன்று உங்களைக் கூப்பிட்டுத் தலைவர் சொன்னார்: "நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. பணி நீட்டிக்க விதியில இடமிருக்கு, இன்னும் மூணு வருசம் இருந்துட்டுப் போங்க."

நீங்கள் தாளை முழுக்க வாசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "கையெழுத்து எனக்கு நல்லா வரும். இதுல போட வரலைங்க."

உங்களுக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. கையெழுத்துப் போட மறுத்த கைக்கு இன்று பூமாலை போடுகிறார்கள். நேற்று நீங்கள் எங்களைக் கூப்பிட்டு, "நாளைக்கு மேடையில எதுவும் பேசிராதீகப்பா, உங்க பொழப்பப் பாருங்க" என்றீர்கள். பதினேழு ஆண்டில் உங்கள் சொல்லை நாங்கள் தட்டுவது இதுவே முதல் முறை. எங்களுள் ஒருவர் இம்மடலில் கையெழுத்திடவில்லை. அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். அவர் வீட்டிலும் நான்கு வயிறு இருக்கிறது. எங்கள் கோபம் அவர் மேல் இல்லை.

இத்தகைய மடலைச் சட்டமிட்டு மன்றத்துச் சுவரில் மாட்டுவது மரபு. இதை மாட்ட விட மாட்டார்கள் என்று அறிவோம். ஆகவே நீங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சைதுன் பீவி அவர்களிடம் ஆணி அடிக்க அனுமதி கேட்டோம். "எங்க வேணும்னாலும் அடிங்க தம்பி. தெருவுல போறவுக வாரவுக கண்ணுல படுற மாதிரி அடிங்க" என்றார்கள். சட்டம் தயார். கண்ணாடியும் போட்டாயிற்று.

நூறாண்டு கடந்தும் நோயற்று வாழ்க என்று வாழ்த்த வேண்டிய இடம் இது. நெஞ்சு நிறைய வாழ்த்துகிறோம், தாயே! கண்ணொளி குன்றாது, கால் தளராது, குரலில் இருக்கும் அந்த அமைதியான அதட்டல் என்றும் மாறாது வாழ்க! ஆயினும் நூறாண்டைப் பற்றிப் பேசுமுன் நாளை ஒரு நாளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நாளை திங்கட்கிழமை. புதிய ஒழுங்கு நாளை தொடங்குகிறது. நீங்கள் பள்ளிவாசல் தெருவில் குடியிருப்பதால் வியாழன் வரை நீங்கள் இங்கே கால் வைக்கக் கூடாது. பெயர்ப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் வேலையைக் கருத்தப்பாண்டிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. கூட்டிப் பெருக்க உள்ளே போகலாம், உட்காரக் கூடாது. "என்ன செய்யப் போகிறீர்?" என்று அவரிடம் கேட்டோம். "அம்மா வந்தா நான் எந்திரிச்சு வழி விடுவேன் சார். அதுக்கு நான் மொதல்ல உள்ள உக்காந்திருக்கணும்ல?" என்றார்.

ஆகவே அம்மா, நாளைக் காலை ஏழு மணிக்கு வாருங்கள். சைதுன் பீவியையும் அழைத்து வாருங்கள். கோட்டைச்சாமி தம் குடும்பத்தோடு வருகிறார். தமக்குரிய நாள் என்று எழுதப்பட்ட திங்கட்கிழமையன்று, எல்லோரும் வந்தால்தான் தாமும் உள்ளே நுழைவதாக வெங்கடம்மாள் சொல்லிவிட்டார்கள். கதவை நாங்கள் திறந்து வைத்திருப்போம். அடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்களை ஏவாமல் தாமே வரட்டும். வந்து, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தம் கையால் அடைக்கட்டும்.

இவண்,
தங்கள் பணியாளர்கள்

கருத்தப்பாண்டி, துப்புரவுப் பணியாளர்
நூர் பீவி, தையல் ஆசிரியை
பொன்ராஜ், வாசகசாலைப் பொறுப்பாளர்
தனுஷ்கோடி, காவலர்
கருணாகரன், எழுத்தர்